இரண்டு கிற்றாரில் ஒரு ம்பிரா: பிளாக்ஸ் அன்லிமிடெட்டைக் கேட்டும் வாசித்தும் பழகுவது எப்படி

பாடகர் தோமஸ் மப்ஃபூமோவின் ‘பிளாக்ஸ் அன்லிமிடெட்’ குழுவை முதன்முதலாகக் கேட்கிற கிற்றார்க்காரர் யாராக இருந்தாலும் லீட் எங்கே என்றுதான் தேடுவார். உவர்மலையில் என்னிடம் பின்னேர வகுப்புக்கு வருகிற பிள்ளைகளும் அப்படியே. பாட்டுத் தொடங்கி ஒரு நிமிடம் ஆகாது, “அண்ணா, இதில லீட் எது?” என்று யாராவது கேட்டுவிடுவார்கள். சினிமாப் பாட்டிலும் பைலாவிலும் ஒரு கிற்றார் முன்னுக்கு நிற்கும், மற்றது பின்னால் நின்று கோர்ட்ஸ் பிடிக்கும். நாங்கள் பழகியது அது. சிம்பாப்வேயின் இந்தக் குழுவில் அந்த ஏற்பாடு கிடையாது. இரண்டு கிற்றாரும் சுரங்களைத் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொள்ளும். இரண்டும் சேரும்போது, இரண்டு பேருமே வாசிக்காத மூன்றாவது மெட்டு ஒன்று காதில் விழும். அந்த மூன்றாவது மெட்டைக் கேட்கப் பழகுவது எப்படி, பிறகு ஒரு கூட்டாளியோடு இருந்து அதை உண்டாக்குவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரே உரலில் இரண்டு பேர் மாறி மாறி உலக்கை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த விஷயம் பாதி விளங்கிவிடும். ஒருவரின் உலக்கை மேலே போகிற நேரம் மற்றவருடையது கீழே விழும். வெளியில் நின்று கேட்கிறவருக்கு ஒரே ஓட்டமான சத்தம்.

ம்பிரா என்பது என்ன

பாட்டைப் போடுவதற்கு முன் இந்தக் கருவியைத் தெரிந்துகொள்ளுங்கள். ம்பிரா ஷோனா மக்களுடையது. ஒரு மரப்பலகையின் மேல் இரும்புத் தகடுகளை வரிசையாக இறுக்கியிருப்பார்கள், வழக்கமாக 22 முதல் 28 வரை. இரண்டு பெருவிரல்களாலும் வலது சுட்டுவிரலாலும் வாசிப்பார்கள். பலகையைப் பெரிய சுரைக்குடுவைக்குள் வைத்தால் சத்தம் பெருகும். பலகையிலும் குடுவையிலும் சோடாமூடிகளைக் கட்டிவிடுவார்கள், ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கரகரப்பு வரும். எங்கள் காதுக்கு அது முதலில் இரைச்சல்போல இருக்கும். அவர்களுக்கு அந்தக் கரகரப்பு இல்லாவிட்டால் ம்பிராவே இல்லை. முன்னோரின் ஆவிகளை அழைக்கும் ‘பிரா’ என்ற இராமுழுதும் நடக்கிற சடங்கில் வாசிக்கிற கருவி அது.

பெரும்பாலும் இரண்டு பேர் சேர்ந்து வாசிப்பார்கள். முதலாமவர் வாசிப்பது ‘குஷௌரா’, அதற்குள் புகுந்து பின்னுவது ‘குட்சின்ஹிரா’. கூட ஒருவர் விதைகள் போட்ட சுரைக்காயைக் குலுக்குவார், அதன் பெயர் ‘ஹோஷோ’. வழமையான ஒரு மெட்டு 48 மாத்திரை கொண்ட சுற்று. 12 மாத்திரை வீதம் நான்கு துண்டு. இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பயிற்சிக்கு வேண்டும்.

மப்ஃபூமோவின் கிற்றார்க்காரர்கள் செய்தது இதுதான்: ம்பிராவை அப்படியே எலெக்ட்ரிக் கிற்றாருக்கு மாற்றினார்கள். ஸ்ட்ரிங்ஸை வலக்கையின் அடிப்பகுதியால் இலேசாக அமத்தி, சுரம் நீளாமல் ‘டொக்’ என்று நிற்கப்பண்ணினார்கள். ஹோஷோவின் வேலையை ட்ரம்ஸில் ஹைஹாற் எடுத்துக்கொண்டது. பேஸ் கிற்றார் இடது பெருவிரலின் அடித்தகடுகளுக்குப் பதில் நின்றது.

எந்தப் பதிவிலிருந்து தொடங்குவது

இணையத்தில் தேடினால் பின்னாளைய இசைத்தட்டுகள்தான் முதலில் வந்து நிற்கும். அங்கிருந்து தொடங்காதீர்கள். கால வரிசையில் கேட்டால்தான் கருவிக்குள் கருவி புகுந்த கதை காதுக்குத் தெரியும்.

மப்ஃபூமோ 1945ல் மரோண்டெராவில் பிறந்தவர். சிறுவயதில் கிராமத்தில் பாட்டன் பாட்டியோடு வளர்ந்து, பிறகு தலைநகரின் ம்பாரே பகுதிக்கு வந்தார். இளைஞனாக எல்விஸ் பிரெஸ்லி, பீட்டில்ஸ் பாட்டுகளைத்தான் மேடையில் பாடிக்கொண்டிருந்தார். 1970களின் தொடக்கத்தில் ஒரு செப்புச் சுரங்கத்தில் வேலையாட்களுக்காக வாசித்த ‘ஹாலெலூயா சிக்கன் ரன் பாண்ட்’ குழுவில் சேர்ந்தார். பகலில் அங்கே கோழிப்பண்ணையைப் பார்ப்பது அவர் வேலை, குழுவின் பெயரே அதிலிருந்து வந்தது. அந்தக் குழுவில் கிற்றார் வாசித்த ஜோஷுவா டூபேதான் ம்பிரா மெட்டை அமத்திய ஸ்ட்ரிங்ஸில் வாசித்துப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர். 1974ல் பதிவான ‘ங்கோமா யரிரா’வை முதலில் கேளுங்கள். அந்தக் குழுவின் பாட்டுகள் 2006ல் ‘டேக் வன்’ என்ற தொகுப்பாக வந்தன. கிற்றார் இன்னும் கொஞ்சம் தயங்குகிறது. ஆனால் விதை அதில் இருக்கிறது.

அடுத்தது ‘த சிமுரெங்கா சிங்கிள்ஸ் 1976–1980’. ஒரே ஒரு தொகுப்பைத்தான் கேட்க நேரமிருக்கிறது என்றால் இதைக் கேளுங்கள் என்று யாருக்கும் சொல்வேன். சிமுரெங்கா என்பது விடுதலைப் போருக்கு அவர்கள் வைத்த பெயர். இயன் ஸ்மித்தின் வெள்ளைச் சிறுபான்மை அரசுக்கு எதிரான போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் ‘அசிட் பாண்ட்’ குழுவோடும் பிறகு பிளாக்ஸ் அன்லிமிடெட்டோடும் பதிந்த ஒற்றைப் பாட்டுகள் இதில் இருக்கின்றன. அசிட் பாண்ட் காலத்தின் ‘ஹோகோயோ!’ இசைத்தட்டு 1978ல் வந்தது, ‘கவனம்!’ என்று எச்சரிக்கிற தலைப்பு. பாட்டுகளைப் பழமொழியிலும் பூடகத்திலும் கட்டினார்கள். அரசு வானொலி அவற்றை ஒதுக்கிவைத்தது. போராளிகளின் வானொலி மொசாம்பிக்கின் மபூட்டோவிலிருந்து ஒலிபரப்பியது. 1979ல் மப்ஃபூமோவைக் குற்றச்சாட்டு எதுவுமில்லாமல் பிடித்து அடைத்துவைத்தார்கள். அந்தக் காலம் எப்படியானது என்று திருகோணமலையில் இருக்கிற எங்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. வானொலியைக் காதோடு வைத்துச் சத்தம் குறைத்துக் கேட்டு வளர்ந்த ஊர் இது.

இந்தத் தொகுப்பில் ‘ப்ஃபும்வு பருசேவா’ என்ற பாட்டை நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள். கிராமப்புற ஒதுக்கிடங்களில் சனம் பட்ட துன்பத்தைச் சொல்கிற பாட்டு. முழங்குகிற குரலில்லை, உரத்த தாளமில்லை. ஹைஹாற் ஒரே சீராக ஓடுகிறது, அதன்மேல் அமத்திய கிற்றார் சின்னச் சின்னச் சுரமாக விழுந்துகொண்டே இருக்கிறது. குழுவின் கிற்றார்க்காரர் ஜோனா சிதோலேயின் கை எப்படிப்பட்டது என்று அறிய இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. சிதோலே பல தடவை குழுவை விட்டுப் போய்த் திரும்பி வந்தவர், 1997ல் காலமானார். உலகத்து கிற்றார்க்காரர்களின் பட்டியலை யார் போட்டாலும் அவர் பெயரை விட்டுவிடுகிறார்கள். அது எனக்குப் பெரிய மனக்குறை.

சுதந்திரம் 1980 ஏப்ரலில் வந்தது. ரூஃபாரோ மைதானத்துக் கொண்டாட்டத்தில் பாப் மார்லியும் பாடினார், மப்ஃபூமோவும் பாடினார். அந்தக் காலத்து ‘குவிண்டிங்வி ரினே ஷும்பா’ இசைத்தட்டையும், 1983ல் வந்த ‘ந்டங்கரிரோ’வையும் சேர்த்துக் கேளுங்கள். ‘ந்டங்கரிரோ’ எனக்கு மிக நெருக்கமானது. பாட்டுகள் நீளமானவை, அவசரமில்லாதவை. சுற்று திரும்பத் திரும்ப வரும்போது கிற்றார்கள் ஒரு சுரத்தை மட்டும் இடம் மாற்றுவதைப் பிடித்துவிடலாம். பயிற்சிக்கு ஏற்றது.

1980களின் நடுப்பகுதியில்தான் உண்மையான ம்பிராவே குழுவுக்குள் வந்தது. ம்பிராவும் சாக்ஸஃபோனும் வாசித்த சார்ட்வெல் டுட்டிரோ அப்போது சேர்ந்தவர். அதன் பிறகு வந்த பதிவுகளில் கிற்றார் ம்பிராவாக நடிக்கவேண்டிய தேவை குறைந்துவிட்டது, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பேசுகின்றன. 1989ல் வந்த ‘கரப்ஷன்’ வெளிநாட்டில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த இசைத்தட்டு. சொந்த அரசின் ஊழலைப் பாடியதால் சொந்த நாட்டு வானொலி அதை ஒதுக்கியது. வெள்ளை அரசு தடுத்த அதே பாடகரை விடுதலைக்குப் பின் வந்த அரசும் தடுத்தது. ‘சாமுநோர்வா’வில் ம்பிரா இன்னும் தெளிவு, ஹெட்போனில் கேட்டால் கரகரப்புக்கூடத் தெரியும்.

2000த்தில் குடும்பத்தோடு அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்துக்குப் போய்விட்டார். ஜனாதிபதி முகாபே பதவியிழந்த பிறகு, 2018 ஏப்ரலில் தலைநகர் ஹராரேயில் மறுபடி மேடையேறினார். அமெரிக்காவுக்குப் போன பிறகு வந்த பதிவுகளைக் கடைசியாகக் கேட்டால் போதும்.

எப்படிக் கேட்பது

கைபேசி ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேஸ் கேட்காவிட்டால் இந்த இசையில் பாதி போய்விடும். சாதாரண ஹெட்போன் போதும்.

ஒரு பாட்டை எடுத்து, முதல் தடவை ஹைஹாற்றை மட்டும் பின்தொடருங்கள். எங்கள் மிருதங்கச் சொல்லில் ‘தகிட தகிட தகிட தகிட’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், பொருந்தும். மூன்று மூன்றாக நான்கு, ஆகமொத்தம் 12. திஸ்ர நடை தெரிந்த பிள்ளைக்கு இது உடனே பிடிபடும். பைலா அடிக்கிற ட்ரம்ஸ்காரருக்கும் அப்படியே. பைலாவின் தாய்களில் ஒன்றான கஃப்ரிஞ்ஞா, போர்த்துக்கேயர் காலத்தில் ஆபிரிக்காவிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்ட மக்களோடு தொடர்புள்ள தாளம். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் புத்தளத்துச் சிறாம்பியடியில் இருக்கிறார்கள். எனக்குப் பைலா ரிதம் சொல்லித்தந்தவர் பாலையூற்றுப் பறங்கியர் ஒருவர். அவரிடம் படித்த வலக்கைதான் மப்ஃபூமோவைக் கேட்டபோது எனக்குத் துணை நின்றது.

இரண்டாம் தடவை பேஸ். அது நாலு ‘தகிட’விலும் சமமாக விழாது. பல பாட்டுகளில் பேஸ் 12 மாத்திரையை ‘தகதிமி தகதிமி தகதிமி’ என்று மூன்றாகப் பிரித்து நிற்கும். காலில் நான்கு தட்டிக்கொண்டு வாயில் மூன்று சொல்லுங்கள். முதல் மாத்திரையில் இரண்டும் சந்திக்கும், பிறகு பிரிந்துபோய் அடுத்த சுற்றின் முதலில் மறுபடி சந்திக்கும். இது உடம்புக்குள் இறங்கும்வரை கிற்றாரைக் கையில் எடுக்கவேண்டாம். நடக்கும்போது பழகலாம். டச்சு பே பக்கம் காலையில் நடக்கிற ஆட்கள் நான் முணுமுணுப்பதைப் பார்த்துப் பழகிவிட்டார்கள்.

மூன்றாம் தடவைதான் கிற்றார். இரண்டையும் பிரித்தெடுக்கப் பார்க்காதீர்கள். மேல் சுரங்களை மட்டும் கவனியுங்கள், ஒரு மெட்டு கேட்கும். பிறகு கீழ்ச் சுரங்களை மட்டும் கவனியுங்கள், வேறு மெட்டு கேட்கும். இரண்டும் ஒரே நேரத்தில் அங்கேதான் இருந்தன.

குரலைக் கடைசிக்கு விடுங்கள். மப்ஃபூமோ பாதி நேரம் ஆழமான குரலில் பொருளில்லாத அசைகளை முனகுவார், அது ‘மஹொனேரா’. சில இடத்தில் குரல் திடீரென்று மேலே உடைந்து ஏறும், அது ‘ஹுரோ’. இரண்டும் ம்பிராக்காரர்கள் வாசிக்கும்போதே பாடுகிற முறைகள். குரலும் ஒரு தகடுதான் என்று எடுத்துக்கொண்டால் கேட்பது இலகு.

கூட்டாளியோடு வாசிப்பது

கீழே உள்ளது நான் பிள்ளைகளுக்காகக் கட்டிய பயிற்சி, பிளாக்ஸ் அன்லிமிடெட்டின் எந்தப் பாட்டின் சுரக்குறிப்பும் இல்லை. இரண்டு கிற்றார் வேண்டும். தனியாக இருந்தால் முதல் பகுதியைக் கைபேசியில் பதிந்து ஓடவிட்டு இரண்டாவதை மேலே வாசியுங்கள்.

எலெக்ட்ரிக் என்றால் ட்ரெபிளைக் கூட்டுங்கள், டிஸ்டோர்ஷன் வேண்டவே வேண்டாம். வலக்கையின் அடிப்பகுதி பிரிட்ஜுக்குக் கிட்ட ஸ்ட்ரிங்ஸில் பட்டும்படாமலும் இருக்கட்டும். சுரம் விளங்கவேண்டும், ஆனால் நீளக்கூடாது. எங்கள் ஊர் உப்புக்காற்றில் ஸ்ட்ரிங்ஸ் சீக்கிரம் மங்கிவிடும் என்று எல்லோரும் கவலைப்படுவார்கள். இந்த இசைக்கு மங்கின ஸ்ட்ரிங்ஸ் நல்லது, புதுசு போட்டால் சத்தம் அதிகமாக மினுங்கும். துருப்பிடிக்காமல் துடைத்து வைத்தால் சரி.

சி மேஜரை எட்டாம் ஃப்ரெட் பக்கம் பிடியுங்கள். மூன்றாம் ஸ்ட்ரிங்கில் 9, இரண்டாம் ஸ்ட்ரிங்கில் 8, முதலாம் ஸ்ட்ரிங்கில் 8. இந்த மூன்றையும் கீழ், நடு, மேல் என்று வைத்துக்கொள்வோம்.

இனி 12 மாத்திரையை எண்ணுங்கள். முதல் கிற்றார் ஒற்றை எண்களில் மட்டும் வாசிக்கும், அதாவது 1, 3, 5, 7, 9, 11ல். வாசிக்கிற வரிசை: மேல், கீழ், நடு, மேல், கீழ், நடு. இரண்டாவது கிற்றார் இரட்டை எண்களில் மட்டும், 2, 4, 6, 8, 10, 12ல். அதன் வரிசை: நடு, மேல், கீழ், நடு, மேல், கீழ்.

ஒவ்வொருவரும் தனியாக வாசித்தால் கீழிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து மேலுக்கு என்று ஏறுகிற மெட்டு. இப்போது இரண்டு பேரும் சேருங்கள். மேல், நடு, கீழ், மேல், நடு, கீழ் என்று இறங்குகிற மெட்டு கேட்கும், அதுவும் ‘தகிட’ நடையில். ஏறுகிற இரண்டு கை சேர்ந்து இறங்குகிற ஒரு மெட்டை உண்டாக்குகிறது. அதை வாசிக்கிற ஆள் அங்கே யாருமில்லை. வகுப்பில் இது முதல் முறை சரியாக விழும்போது, பிள்ளைகள் வாசிப்பதை நிறுத்திவிட்டு ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஒரு பிள்ளை மற்றவரின் கையைப் பிடித்து, “நீ தானே இப்ப இறக்கினனி?” என்று கேட்டாள். இரண்டு பேரும் இறக்கவில்லை.

இது ஓடத் தொடங்கியதும் இன்னும் இரண்டு கோர்ட்ஸ் சேருங்கள். கை அதிகம் நகராது. எஃப்புக்கு மூன்றாம் ஸ்ட்ரிங்கில் 10, இரண்டாவதில் 10, முதலாவதில் 8. ஜிக்கு மூன்றாவதில் 7, இரண்டாவதில் 8, முதலாவதில் 7. சி, எஃப், சி, ஜி என்று ஒவ்வொன்றுக்கும் 12 மாத்திரை கொடுத்தால் 48 ஆகிவிடும். ம்பிராச் சுற்றின் நீளம் அதுதான்.

ட்ரம்ஸ்காரரைச் சேர்க்கும்போது ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: ஃபில் அடிக்கவேண்டாம். எங்கள் கலியாண வீட்டு மேடைகளில் நாலு வரிக்கு ஒரு தடவை உருட்டி அடிப்பது வழக்கம், சனத்துக்கும் அது பிடிக்கும். இங்கே அந்த உருட்டல் வந்தால் மூன்றாவது மெட்டு உடைந்துபோகும். ஹைஹாற் ஹோஷோபோல விடாமல் ஓடவேண்டும். கிக் மெதுவாக. கீபோர்ட்காரர் இருந்தால் முதல் சில நாட்கள் அவர் சும்மா இருந்து கேட்கட்டும்.

கடைசியாக, சி எஃப் ஜி கைக்கு வந்தவர்களுக்கு ம்பிராவின் உண்மையான வழித்தடம் ஒன்று. பல பழைய மெட்டுகள் இந்தக் கோர்ட்ஸ் வரிசையில்தான் போகும்: முதல் 12 மாத்திரையில் சி, ஈ, ஜி. அடுத்த 12ல் சி, ஈ, ஏ. மூன்றாவதில் சி, எஃப், ஏ. நான்காவதில் டி, எஃப், ஏ. ஒவ்வொரு கோர்ட்டுக்கும் நான்கு மாத்திரை. வரிக்கு வரி ஒரே ஒரு இடம்தான் மாறுகிறது, அதுவும் ஒரு படி மேலே. ஜி ஏயாகிறது, பிறகு ஈ எஃப் ஆகிறது, பிறகு சி டியாகிறது. முதலில் பேஸில் அடிச்சுரத்தை மட்டும் வாசியுங்கள், மேஜரா மைனரா என்று யோசிக்கவேண்டாம். ஏனென்றால் ம்பிராக்காரர்கள் பெரும்பாலும் முழுக் கோர்ட் வாசிப்பதில்லை, இரண்டு சுரம் போதும் அவர்களுக்கு. பேஸ் நான்கு நான்காக நகர, ஹைஹாற் மூன்று மூன்றாக ஓட, இரண்டு கிற்றாரும் ஒற்றையும் இரட்டையுமாகப் பின்னட்டும். வேகத்தைக் கூட்டாதீர்கள். சுற்று ஐந்து நிமிடம் தடக்குப்படாமல் போனால், அன்றைக்கே ‘ந்டங்கரிரோ’வைத் திரும்பப் போட்டுக் கேளுங்கள். இந்தத் தடவை லீட்டைத் தேடமாட்டீர்கள்.